தேய்த்தால் பளபளக்கும் என்று நினைத்தேன்!

வெள்ளிக்கிழமைக்கென்று வியாழனே குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறவர்கள் நாம். தேய்த்தால் பளபளக்கும் என்பது நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே ஊறிப்போன பாடம். அந்தப் பாடத்தை நம்பித்தான் போன மாசம் நான் வசமாக மாட்டிக்கொண்டேன், சகோதரிகளே.

எங்கள் வீட்டுக் கார் கருநீல நிறம். முற்றத்துச் சக்கை மரத்தடியில்தான் நிற்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் பானெட்டில் காக்கை எச்சம். எப்போது விழுந்ததோ, காய்ந்து கிடந்தது. கழுவியும் அந்த இடத்தில் தடம் போகவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் வருவதற்குள் சரி பண்ணிவிடலாம் என்று, பரணில் கிடந்த பழைய காம்பவுண்ட் டப்பாவை எடுத்தேன். மாமனார் அம்பாசிடர் வைத்திருந்தபோது வாங்கியது. துணியில் தொட்டுக் கால் மணி நேரம் அழுத்தித் தேய்த்தேன். தடம் மங்கியது. கூடவே தோசை அகலத்துக்குப் பெயிண்டும் மங்கிவிட்டது! வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கீறல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாகர்கோவிலில் ஒரு பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பையன் பார்த்ததுமே, “யக்கா, எதப் போட்டுத் தேச்சிய?” என்று கேட்டான். டப்பாவைக் காட்டினேன். “இது அந்தக் காலத்து வண்டிக்கு உள்ள மருந்தாக்கும். இப்பத்த வண்டித் தோல் இதத் தாங்காது” என்றான்.

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. 1920-களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி ‘டூக்கோ’ என்ற பெயிண்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கார் பெயிண்ட் காய நாள் கணக்கில் ஆகுமாம். இது சீக்கிரம் காய்ந்தது. ஆனால் காய்ந்த பிறகு காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். அப்போதெல்லாம் நிறம்தான் மேல் பூச்சு. அதனால் தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டும். காம்பவுண்டும் கரகரப்பாக இருந்தது.

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. கிளியர் கோட் என்கிறார்கள். வெயிலையும் மழையையும் தாங்குவது அதுதான். அதன் கனம் சுமாராக 40, 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனமே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இந்தப் பூச்சு உள்ள வண்டியைத் தேய்க்கும்போது துணியில் நிறம் வந்தால், கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

பாலிஷ் போடுவது என்றால் மேலே எதையோ பூசுவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பெரிய கீறலின் மேடுகளைப் பொடிக் கீறலால் சமன் செய்வதுதான் பாலிஷ். புதிய காம்பவுண்டில் அலுமினியம் ஆக்சைடு என்ற பொடியை ஒரே சீராக, மிக நைசாக அரைத்துச் சேர்க்கிறார்கள். சில வகைகளில் அந்தப் பொடி தேய்க்கத் தேய்க்க உடைந்து இன்னும் நைசாகும். அம்மியில் முதலில் கொரகொரப்பாகவும் பிறகு வெண்ணெயாகவும் அரைபடுமே, அதுபோல. மூன்று தடவை தேய்க்க வேண்டிய இடத்தில் பலசமயம் ஒன்றிரண்டு தடவையே போதும். பழைய மெஷின் ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும். புதிய மெஷின் சுற்றிக்கொண்டே தள்ளாடுவதால் சூடு குறைவு.

அந்தப் பையன் முதலில் ஒரு கருவியை வைத்துப் பூச்சின் கனத்தை அளந்தான். ஓரங்களில் பூச்சு மெலிசாக இருக்கும் என்று டேப் ஒட்டினான். அரை மணி நேரத்தில் கீறலெல்லாம் போய்விட்டது. எண்ணெய்ப் பளபளப்பு கண்ணை ஏமாற்றும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் காட்டினான். காக்கைத் தடம் மட்டும் நிழல்போலத் தெரிந்தது. “இதையும் எடுத்திரு தம்பி” என்றேன். “எடுத்தா தோலும் போயிரும் யக்கா. கெடக்கட்டு” என்றான். கூலி வாங்குகிறவன் வேலையைப் பாதியில் நிறுத்துவதுதான் நல்ல வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் என்ற கல்பொடி உண்டு. உப்புத்தாள் செய்ய உதவுகிற பொடி அது. கடற்கரைக்குப் போய்வந்த வண்டியை வறட்டுத் துணியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். ஆகவே:

வண்டியை முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மணல் போன பிறகே துணி வைக்கவும். நிழலில் கழுவுவது நல்லது. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரும் பொடியும் பக்கத்திலேயே வரக்கூடாது.

எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத் துவர்த்தைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, பைய ஒற்றி எடுக்கவும்.

மினுங்க வேண்டுமென்று வருஷா வருஷம் காம்பவுண்ட் போடச் சொல்லாதீர்கள். மெழுகுப் பூச்சு மட்டும் போதும். அது பெயிண்டைத் தேய்க்காது.

காம்பவுண்ட் டப்பாவைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பல வகைகளில் மண்ணெண்ணெய் இனத்துத் திரவம் கலந்திருக்கும். குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெஷின் போடும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், தூசி நெஞ்சுக்கு ஆகாது.

வீட்டுக்காரர் வந்தார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தினம் காக்கைக்குச் சோறு வைக்கிறது நீதானே!” என்று சிரித்தார். இப்போது சோற்றைப் பின்கட்டில் வைக்கிறேன்.