மடக்குக் கத்தியும் ஆயுதச் சட்டமும்

ராஜபாளையத்து மாந்தோப்புக்காரரின் மடியிலும், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தென்னந்தோப்பில் பாடுபடுவோரின் இடுப்பிலும் ஒரு சிறு மடக்குக் கத்தி இருப்பது விநோதமன்று. கயிறு அறுக்கவும், பழம் நறுக்கவும், சாக்குத் தையல் பிரிக்கவும் அது அன்றாடம் உதவுவது. ஓலையில் எழுதிய காலத்து நம் முன்னோர், எழுத்தாணியும் ஓலை வாரும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும்படி அமைந்த மடக்கெழுத்தாணியை உடன்கொண்டு திரிந்தனர். கற்றவனுக்கும் உழைப்பவனுக்கும் பொதுவாயிருந்த இக்கருவியை இன்று சட்டைப்பையில் கொண்டு செல்வது குற்றமா, அன்றா? இதற்கு நிச்சயமான விடையறிந்தோர் மிகச் சிலரே.

கத்திக்கு அஞ்சும் ராஜாங்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் தென்பாளையத்து ஜனங்களை நிராயுதபாணிகளாக்கிற்று. 1854-ல் மலபார் ஜில்லாவில் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்திகளைப் பறிப்பதற்கென்றே தனிச் சட்டம் செய்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கைப்பற்றினர். பலன் யாது? மறு வருஷமே செப்டம்பர் மாதத்தில் கலெக்டர் கனோலி தம் இல்லத்தில் வெட்டுண்டு மாண்டார். மனக்கொதிப்பைத் தீர்க்காமல் இரும்பை மட்டும் பறிப்பதனால் சமாதானம் உண்டாகாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டமோ, ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு லைசென்ஸும் என்று பேதம் பாராட்டி நம்மை இழிவுபடுத்திற்று.

சுதந்திர இந்தியாவின் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்பேதத்தை ஒழித்தது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்கள் ஆயுதமல்ல என்று அது விலக்குகிறது. 2016-ம் வருஷத்து விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. அப்போதும் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை நீங்கலாகவே. அவ்வகைக் கத்திகளை வைத்திருக்கவும் மத்திய சர்க்கார் அறிவிக்கை செய்த பிரதேசங்களில்தான் லைசென்ஸ் தேவை. இந்த அளவுகோலின்படி மூன்று அங்குல மடக்குக் கத்தி ஆயுதமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆயினும் சிக்கல் இருக்கின்றது. “மட்டுமே” என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பழம் நறுக்கும் கத்தி பகைவனையும் குத்துமன்றோ என்று ஒரு போலீஸ்காரர் வினவினால், ஏழைக் குடியானவன் கோர்ட்டில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) ஆயுதம் என்ற சொல்லில் கத்தியையும் சேர்த்து, அனுமதியின்றி அதனுடன் சரணாலயத்துள் நுழைவதைத் தடுக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அம்மலைகள் புலிகள் காப்பகமுமாயின. தோப்பில் கருவியாயிருப்பது வன எல்லையைத் தாண்டியதும் ஆயுதமாகிவிடுகிறது! இது அடிவாரத்தில் வாழும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 2021-ம் வருஷம் செப்டம்பரில், தென்ஜில்லாக் கொலைகளையடுத்துத் தமிழகப் போலீஸார் ரௌடிகளைத் தேடிப் பிடித்தனர். அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயரையும் விலாசத்தையும் குறித்து வைக்குமாறு கொல்லுப்பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கட்டளையிட்டனர். பழிக்குப் பழி என்று அரிவாள் தூக்கும் கொடுமையை அடக்குவதை நாம் மனமார ஆதரிக்கிறோம். அதன் பாரம் நாணயமாய்த் தொழில் செய்யும் கொல்லர் தலையிலும், பேனாக்கத்தி வைத்திருக்கும் சாது ஜனங்கள் தலையிலும் விழலாகாது என்பதே நமது கோரிக்கை.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. தினசரி உபயோகத்துக்கான சிறு கத்தியின் அளவைத் தெளிவான தமிழில் அறிவித்து, ஸ்டேஷன்தோறும் ஒட்ட வேண்டும். வன எல்லையில் கத்திக்குத் தடையுண்டு என்று பலகை நாட்ட வேண்டும். மடக்கெழுத்தாணி, பாக்குவெட்டி முதலிய பழங்கருவிகளைச் சேகரித்துக் காப்போரைக் குற்றவாளிகள்போல் நடத்தாமல், அவற்றைப் பொருட்காட்சிச் சாலைகளில் வைக்க அவர்கள் உதவியை நாட வேண்டும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை: வீறாப்புக்காகக் கத்தி செருகித் திரிபவன், உழைப்புக்காக அதை வைத்திருக்கும் ஆயிரம் பேரின் உரிமைக்குத் தானே சத்துருவாகிறான். கருவியைக் கருவியாகவே கையாளும் ஜனங்களை நம்புவதுதான் சுயராஜ்ய சர்க்காருக்கு அழகு.