ஸ்போர்ட்டி காருக்கு என்ன டயர்? கிலோமீட்டர் கணக்கு போடுங்க

ஐ20 என் லைன் மாதிரி கார் வாங்கிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு அடுத்த ஆசை பெர்ஃபார்மன்ஸ் டயர். சாஃப்ட் காம்பவுண்ட் ரோட்டை நல்லா பிடிக்கும், உண்மைதான். ஆனா சீக்கிரம் தேயும். 48,000 ரூபாய் செட் 25,000 கி.மீ. ஓடுதுன்னு வெச்சுக்கோங்க: கி.மீ.க்கு 1.92 ரூபாய். 32,000 ரூபாய் செட் 40,000 ஓடினால் 80 பைசா. ஆவடி–பூந்தமல்லி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி 30-ல ஊர்ந்து போறதுக்கு இவ்வளவு வித்தியாசமா? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓட்டுறவங்க கதை வேற.

அதுக்காக இருக்கிறதுலயே மலிவானதும் வேண்டாம். ஐப்பசி மழையில பிரேக் அடிச்சா வண்டி நிக்கணும். ஈர ரோட்டுப் பிடிப்புக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம்னு சொல்வேன். தேய்மானத்துக்கு சட்ட வரம்பு 1.6 மி.மீ.; மழைக்கு முன்னாடி 3 மி.மீ.க்கு வந்தாலே நான் மாத்திடுவேன்.

பெரிய தள்ளுபடியா? டயர் பக்கவாட்டில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி 4 இலக்கத்தைப் பாருங்க. 1023 என்றால் 2023-ன் 10-வது வாரத்தில் தயாரானது.

இஎம்ஐ வேண்டாம். இப்பவே மாசம் 1,000 ரூபாய் தனியா ஆர்டியில் போட்டா, 32 மாசத்துல அடுத்த செட்டுக்குப் பணம் ரெடி.