கவலைப்படாதே என்று சொன்னால் போதுமா?

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. அன்று ஆக்லாந்தில் இருந்த எந்தக் குடும்பமும் அந்த நாளை மறந்திருக்காது. விமான நிலையத்தில் ஒரே நாளில் 240 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்ஹாம், மாங்கரே என்று நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 4 பேர் உயிரிழந்தார்கள். அடுத்து இரண்டு வாரங்களில் கேப்ரியல் புயல் வந்தது; நாடு முழுவதும் 11 பேர் மாண்டார்கள். அவர்களில் இருவர், முரிவாயில் பிறருக்கு உதவப்போய் நிலச்சரிவில் சிக்கிய தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள்.

தண்ணீர் வடிந்தது. கார்ப்பெட் மாற்றப்பட்டது. காப்பீட்டுப் படிவங்கள் நிரப்பப்பட்டன. ஆனால் பலத்த மழைச்சத்தம் கேட்டால் தூக்கம் கலைந்து எழுகிற பிள்ளைகள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். "பயமாயிருக்கிறது" என்று அவர்கள் சொன்னால், நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கிற பதில்: "கவலைப்படாதே. ஜெபம் பண்ணிவிட்டுப் படு." அன்பினால் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பயம் அந்தப் பிள்ளையோடு படுக்கைக்குப் போகிறது.

இது பயந்த சுபாவமுள்ள ஒன்றிரண்டு பிள்ளைகளின் கதை அல்ல. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். அந்த உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்வையே பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். அவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் கொட்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் "ஒன்றும் ஆகாது" என்று எப்படிச் சொல்வது?

வேறொரு பதிலும் நம் சபைகளில் கேட்கிறது: "இதெல்லாம் கடைசிக்காலத்து அடையாளம், நாம் என்ன செய்ய முடியும்?" ஆண்டவருடைய வருகையை நாங்களும் நம்புகிறோம். ஆனால் அந்த நம்பிக்கையுள்ள நாம் 30 வருட வீட்டுக்கடன் வாங்குகிறோம். பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்கிறோம். இந்த ஒரு காரியத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது விசுவாசம் ஆகாது.

அப்படியானால் பயத்தையும் துக்கத்தையும் என்ன செய்வது? எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது நெகேமியா உட்கார்ந்து அழுதார். முகம் வாடியிருப்பது ஏன் என்று ராஜா கேட்டபோது மிகவும் பயந்தார். ஏழைகள் கடனால் நெருக்கப்படுவதைக் கேட்டபோது கோபப்பட்டார். இவற்றில் எதையும் அவர் நம்மிடம் மறைக்கவில்லை. அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். பிறகு ராஜாவிடம் கடிதமும் மரமும் கேட்டார், இரவில் போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார், வேலையைத் தொடங்கினார். மூன்றாம் அதிகாரத்தில் வரும் பெயர்களைப் பாருங்கள். தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார்கள், தன் குமாரத்திகளோடு வந்த சல்லூம் இருக்கிறார். கொத்தனார் வேலை தெரியாதவர்களும் கட்டினார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள்.

இன்றைய ஆய்வும் இதற்கு ஒத்த ஒன்றைச் சொல்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பருவநிலை மாற்றத்தைக் குறித்துப் பதற்றமும் சோர்வும் அதிகம் உள்ளவர்களின் மனநலம் குறைந்து காணப்பட்டது. "இது அநியாயம்" என்று கோபம் கொண்டவர்களோ மனநலத்திலும் தேறியிருந்தார்கள், செயலிலும் முன்னே நின்றார்கள். ஆகவே பிள்ளைகளின் கோபத்தை "மரியாதையில்லாத பேச்சு" என்று அடக்கிவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

என்ன வேலை? நியூசிலாந்து உலகத்தின் பசுங்குடில் வாயுக்களில் 1 சதவீதம்கூட வெளியிடுவதில்லை. நம் ஒரு சபை எதை மாற்றிவிடும் என்று சிலர் கேட்பார்கள். உலகத்தை நாம் ஒருவராக மாற்றப்போவதில்லை. நம் வீட்டுக்கு எதிரே உள்ள மதில் நம் பங்கு.

முதலாவது, கார். ஆக்லாந்து வெளியிடும் வாயுக்களில் மிகப் பெரிய பங்கு போக்குவரத்தினுடையது. ஒரே பேட்டையிலிருந்து ஆராதனைக்கு நான்கு கார்கள் வருவதற்குப் பதில் இரண்டு வரலாம். தனியாக வாழும் ஒரு பாட்டியையும் அதில் ஏற்றிக்கொண்டு வரலாம்.

இரண்டாவது, சாப்பாடு. ஐக்கிய விருந்துக்கு ஒவ்வொரு குடும்பமும் வீட்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவரட்டும். கழுவும் வேலையை வாலிபர்களாகிய நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 2023 முதல் மாநகராட்சி வீடுதோறும் தந்துவரும் உணவுக்கழிவுத் தொட்டியில் வெங்காயத்தோலும் கோழி எலும்பும் போகட்டும். அவை ரெப்போரோவா ஆலைக்குப் போய் எரிவாயுவும் உரமும் ஆகின்றன. குப்பைமேட்டில் புதைத்தால் மீத்தேன் ஆகும்.

மூன்றாவது, தண்ணீர். மழைக்காலத்துக்கு முன் நம் தெருவில் வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்த்து மாநகராட்சிக்குத் தெரிவிப்போம். வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு பணம் என்பதை வரவுசெலவுத் திட்டம்தான் தீர்மானிக்கிறது. அதற்கு மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, வாலிபரும் பெற்றோரும் சேர்ந்து எழுதுவோம். நெகேமியாவும் ராஜாவிடம் கேட்கத்தான் செய்தார்.

அங்கிள், ஆன்ட்டி, இதில் எங்களுக்கு நீங்கள் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மொட்டைமாடியில் இருந்தவர்களும், 2019-இல் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது குடத்தோடு வரிசையில் நின்றவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றவும், ஐஸ்கிரீம் டப்பாவைப் பத்து வருடம் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் என்ற பேரைச் சொல்லாமலே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் நீங்கள். எங்களிடம் பயம் இருக்கிறது. உங்களிடம் பழக்கம் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

இந்த வாரம் ஓர் இரவு, சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "மழையைப் பற்றி, வரப்போகிற காலத்தைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?" பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். முழுவதும் கேளுங்கள். சேர்ந்து ஜெபியுங்கள். பிறகு, தூங்கப்போகுமுன், குடும்பமாகச் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்.