ஈர நெல்லுக்கு வழி என்ன?

தஞ்சை வட்டாரத்தில் குறுவை அறுவடை என்றால் வீடே களத்தில்தான் இருக்கும்! அப்பா மூட்டை பிடிப்பார். அம்மா நெல்லைக் கிளறிக் காய வைப்பாள்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால், பயிர் விளைந்து அறுவடையாவதற்குள் அக்டோபர் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும்.

எந்திரம் ஓர் ஏக்கரைச் சில மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. காய வைப்பதோ பெரும்பாலும் வெயில்தான்!

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஈர நெல் கிடங்கில் கெட்டுவிடும் என்பதே காரணம். 2025 அக்டோபர் மழையில் நெல் குவியலிலேயே முளைவிட்டது. வரம்பை 22 சதவீதமாக்கும்படி தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டது.

வரம்பைத் தளர்த்தினால் அந்தப் போகத்து விவசாயி தப்பலாம். நெல் காயுமா? ஊர்தோறும் கூரையும் உலர்த்தும் எந்திரமும் வர வேண்டும். அறுக்க எந்திரம் வந்ததுபோல, காய வைக்கவும் வரட்டும்!