'தொடரும்' போடாத கதை

இந்தப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள்? தொடர்கதையைத்தானே! வெட்கப்படாதீர்கள், நானும் அப்படித்தான். கதாநாயகி ரயிலடியில் தன்னந்தனியாக நிற்பாள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொடுவார்கள். அவ்வளவுதான், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். கதாசிரியரை மனத்துக்குள் நாலு வார்த்தை வைதுவிட்டு அடுப்படிக்கு எழுந்து போகிறோம். அடுத்த வாரம் வரையில் காத்திருக்கத்தானே வேண்டும்?

அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, என் பேரனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பேரனுக்கு ஆறு வயது. வகுப்பில் பலகையில் எழுதிப் போடுவது அவனுக்குத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். "எழுதச் சோம்பல், வேறென்ன?" என்று நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே குழந்தை தடுமாறினான்.

"தினம் எத்தனை நேரம் வெளியிலே விளையாடுவே, கண்ணா?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை" என்றான் அவன்.

"செல்போன் எப்போ பார்ப்பே?"

"சாப்பிடறப்போ. பாட்டி குடுப்பாங்க."

ஒரு நிமிஷம் அந்த அறையில் சத்தமே இல்லை. என் மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏன் அத்தை இப்படிச் செய்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்!

வாஸ்தவம்தான், குற்றவாளி நானே. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தைக்கு இரண்டு வயதாயிருக்கும்போது, சோற்றுக் கிண்ணத்துக்கு எதிரே செல்போனை நிறுத்தி வைத்தேன். படத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தான். பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. வீடு முழுவதும் அவன் பின்னால் ஓடுகிற வேலை எனக்கு மிச்சம்.

"அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினோமே, அது மட்டும் என்ன வாழ்ந்தது?" என்பீர்கள். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நிலா ஒன்றே ஒன்றுதான். மேகம் மறைத்தால் வேடிக்கை முடிந்தது. செல்போனிலோ, ஒரு படம் முடிந்த கையோடு அடுத்த படம் தானாகவே வந்து நிற்கிறது. அங்கே 'தொடரும்' இல்லை, 'முற்றும்' இல்லை. எழுந்து போக இடமே வைக்காத கதையிலிருந்து ஆறு வயதுக் குழந்தை எப்படி எழுந்து வரும்? பெரியவர்களான நாமே வருவதில்லையே!

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது கிட்டப்பார்வை. விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிட்டால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். பழி முழுவதையும் செல்போன் தலையில் போட முடியாது. பரம்பரையும் ஒரு காரணம். புத்தகமானாலும் செல்போனானாலும் ஓயாமல் கிட்டத்திலேயே பார்ப்பது இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் இல்லாமலிருப்பது மற்றொன்று.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் 100க்குச் சுமார் 30 குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 குழந்தைகளுக்கு! 2015இல் வெளியான முடிவு இது. மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை, வெறும் வெளிச்சம்!

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 வயது முதல் 4 வயது வரை ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ, 5 முதல் 10 வயது வரை இரண்டு மணிக்குள் நிறுத்தச் சொல்கிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த வேகத்தில் செல்போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் வீடு இரண்டுபட்டது. மூன்றாம் நாள் அழுகை ஓய்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "இப்ப நான் என்ன பண்றது, பாட்டி?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. சகோதரிகளே, நான் சொல்ல வந்ததே இதுதான். குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்குவது சுலபம். காலியான கையில் எதைக் கொடுப்பது என்பதை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

மறுநாள் முதல் மாற்றிக்கொண்டோம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய செல்போனும் ஒரு தாம்பாளத்துக்குப் போகும். முதலில் வைக்க வேண்டியது என்னுடையது. "நீங்க மட்டும் பாக்கறீங்களே" என்று அவன் கேட்டுவிட்டானே! நாலரை மணிக்குக் கொத்துமல்லி வாங்க இரண்டு பேரும் கடைக்கு நடப்போம். பிறகு வெளிச்சம் இருக்கும் வரையில் மொட்டை மாடி. கரித்துண்டால் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அண்டை வீட்டுக் குழந்தைகளும் நொண்டியாட வந்துவிட்டார்கள். இருட்டினால் வேர்க்கடலை உரிப்பது. பாதி அவன் வாய்க்குப் போகும், போகட்டும். அப்புறம் பல்லாங்குழி. 14 குழியிலும் புளியங்கொட்டையை எண்ணிப் போடுவதில் கூட்டல் கணக்குத் தானாகவே வந்துவிட்டது. கள்ள ஆட்டமும் வந்துவிட்டது!

செல்போனை அறவே விலக்கவில்லை. இந்தக் காலத்தில் வீட்டுப் பாடமே அதில்தானே வருகிறது? பாடம் முடிந்ததும் கூடத்தில், எங்கள் கண்ணெதிரே, அரை மணி. அடுத்த படம் தானாக வருவதை மகன் நிறுத்தி வைத்துவிட்டான். "இன்றைக்கு இரண்டு படம்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். இரண்டாவது முடிந்ததும் "தொடரும், பாட்டி!" என்று அவனே கத்திக்கொண்டு கொண்டுவந்து கொடுக்கிறான். தினமும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலோ, எனக்கு முழங்கால் வலி எடுத்தாலோ, விரதம் முறிந்துவிடும். மறுநாள் மறுபடி ஆரம்பிப்போம்.

மூக்குக் கண்ணாடி போய்விட்டதா என்கிறீர்களா? போகாது. வந்த கிட்டப்பார்வை வந்ததுதான். மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் ஆனது. ஆனால் நேற்று மாடியில் நின்றுகொண்டு, "தெருக்கோடித் தென்னையிலே அஞ்சு கிளி, பாட்டி!" என்றான். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். எனக்கு மூன்றுதான் தெரிந்தது.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் குழந்தையையும் மாடிக்கு அழைத்துப் போங்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது, ராத்திரி படித்துக்கொள்ளலாம்.