குனிந்து நுழைவானேன்?

இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளிலே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு விந்தை நடைபெறுகிறது. தேர்வு எழுதப்படவில்லை, விடைத்தாள் திருத்தப்படவில்லை, ஆனால் தரம் மட்டும் கொடுக்கப்பட்டு விடுகிறது! 'இந்தப் பையன் வருகிற கோடையில் ஏ-லெவல் தேர்வின் மூன்று பாடங்களிலும் ஏ வாங்குவான்' என்று ஆசிரியர் எழுதித் தருகிறார். அதற்குப் பெயர் முன்மதிப்பீடு. சோதிடமல்ல, ஆசிரியரின் கணிப்பு என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கணிப்பைக் கையிலே பிடித்துக் கொண்டுதான் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வெளிவந்த பிறகே பொறியியல் கலந்தாய்வு. கையிலே மதிப்பெண், கண்ணெதிரே காலியிடம், எது வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே அப்படியல்ல. 1961 இல் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்த பொது விண்ணப்ப ஏற்பாடு இன்று யூகாஸ் என்ற பெயரில் இயங்குகிறது. ஐந்து படிப்புகளைக் குறிக்கலாம்; மருத்துவம் என்றால் அந்த ஐந்தில் நான்குதான். விண்ணப்பம் முதலில், இட ஒப்புதல் அடுத்து, தேர்வு அதற்கும் பின்னால், முடிவு ஆகஸ்டு நடுவில்! தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போகிற கதைதான்.

லண்டன் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர் உண்டு. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் குடியேறிய தமிழர் வீடுகளில், இரவு வேலை முடித்துத் திரும்பும் தகப்பன் மகளின் விண்ணப்பத்தைப் பார்த்து விழிக்கிறானே, அவன் யார்? அவன் மட்டுமா? தெற்கு வேல்ஸில் சுரங்கம் மூடப்பட்ட ஊரில் பிறந்த வெள்ளைக்காரப் பாட்டாளியின் மகனும் அதே படிவத்தின் முன்னால்தான் அமர்ந்திருக்கிறான். தோலின் நிறம் வேறு, தயக்கம் ஒன்றுதான்.

என்ன தயக்கம்? அந்தப் பையனுக்கு மூன்று ஏ என்று முன்மதிப்பீடு. அவனோ மூன்று பி போதும் என்கிற படிப்புகளாகப் பார்த்து ஐந்தையும் நிரப்புகிறான். தந்தையைக் கேட்டால், "வீட்டுக்குப் பக்கம்" என்கிறார். பள்ளியைக் கேட்டால், "பத்திரமான தேர்வு" என்கிறார்கள். பையனைக் கேட்டால் வாய் திறக்க மாட்டான். மனத்துக்குள்ளே, 'அந்தப் பெரிய இடமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கா?' என்கிறான். வாயில் உயரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குனிந்து நுழைகிறான்! சீமான் வீட்டுப் பிள்ளை இரண்டு பி, ஒரு சி என்ற கணிப்போடு மூன்று ஏ கேட்கும் இடத்துக்கு, முயன்றுதான் பார்ப்போமே என்று மனுப் போடுகிறான். தகுதி உள்ளவன் தயங்குகிறான். தைரியம் உள்ளவன் தட்டுகிறான்.

நாம் கற்பனையில் கதை கட்டவில்லை. கில் வைனெஸ் முதலான ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், ஏழை வீட்டுப் பிள்ளை அதே மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்கக் கூடியதைவிடத் தாழ்ந்த படிப்பிலே சேர்வது அதிகம். மூளையிலே குறைவில்லை, மதிப்பெண்ணிலே குறைவில்லை, விண்ணப்பத்திலே குறைந்துபோகிறான். வசதி படைத்த பள்ளியிலே பயின்றவனுக்கு வழிகாட்ட ஆசிரியர் உண்டு, அண்ணன் உண்டு, மாமா உண்டு. இவனுக்கு யார்?

இங்கே இன்னொரு குரல் கிளம்பும். "மூன்று ஏ வாங்கப் போகிறவன் அதை வீணாக்கலாமா? மருத்துவம் படி, சட்டம் படி!" என்று உறவினர் கூட்டம் முழங்கும். இதையும் நாம் ஏற்பதற்கில்லை. நுழைவுத் தரம் என்பது என்ன? பலர் கேட்கிற, இடம் குறைவாக உள்ள படிப்புக்குத் தரம் ஏறும். கேட்பார் குறைந்தால் இறங்கும். பெரும்பாலும் சந்தையிலே கத்தரிக்காய் விலை ஏறி இறங்குவதைப் போல! விலை அதிகம் என்பதாலேயே வேண்டாத காயை வாங்குவார் உண்டோ? செவிலியர் படிப்புக்கு மருத்துவத்தைவிடக் குறைந்த தரம் கேட்கிறார்கள். மூன்று ஏ வாங்கும் பெண் செவிலியராக விரும்பினால், அவளைத் தடுக்க யாருக்கு உரிமை? அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறினாலும் அவள் பெயர் ஏறப்போவது ஒரே செவிலியர் பதிவேட்டில்தான். பொறியியலிலும் அப்படியே: தொழில்முறைச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா, தொழிற்சாலையில் பயிற்சி ஆண்டு உண்டா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, தரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஏ-லெவலில் கணிதம் படிக்காதவனுக்குப் பெரும்பாலான முன்னணிப் பொறியியல் துறைகளின் கதவு திறவாது. அந்தத் தேர்வை அவன் பதினாறு வயதிலேயே செய்து முடித்திருப்பான், பாவம்.

ஆக, விரும்பித் தேர்ந்தது வேறு, அஞ்சிக் குறைத்தது வேறு. படிப்பின் பாடத்திட்டத்தைப் படித்து, இதுதான் என் வழி என்று மூன்று பி கேட்கும் இடத்துக்குப் போகிறவனை நாம் வாழ்த்துகிறோம். விவரக் குறிப்பேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குகிறவனைத்தான் பிடித்து நிறுத்துகிறோம்.

சரி, அந்த முன்மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்? அதே வைனெஸ் 2016 இல் கணக்கிட்டார். தம் மூன்று சிறந்த பாடங்களில் கணித்தபடியே தரம் பெற்றவர்கள் நூற்றுக்கு 16 பேர். கணிப்பு மிகையாகப் போனது 75 விழுக்காட்டினருக்கு! இதைப் படித்ததும், பார்த்தீர்களா, தாழ்வாகத் தேர்ந்ததே சரி என்பார் உண்டு. பொறுங்கள். அதே கணக்கு இன்னொன்றும் கூறுகிறது: உண்மையிலேயே உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவருக்குள், ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குறைத்துக் கணித்திருப்பது செல்வர் வீட்டுப் பிள்ளையைவிட அதிகம். கணிப்பிலும் ஒரு வெட்டு, தயக்கத்திலும் ஒரு வெட்டு.

2020 ஆகஸ்டில் நடந்ததை மறக்க முடியுமா? கொரோனாவால் தேர்வு இல்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கணிப்பொறிச் சூத்திரத்திலே போட்டு அரைத்தது. ஆகஸ்டு 13 அன்று முடிவு வந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் தந்ததைவிடக் குறைந்திருந்தன. பள்ளியின் பழைய முடிவுகளை வைத்து இன்றைய பிள்ளையின் தலையெழுத்தை எழுதிய சூத்திரம் அது! உயர்தரங்கள் அதிகம் கூடியது தனியார் பள்ளிகளில். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அட்டை ஏந்தினார்கள், முழங்கினார்கள். நான்கே நாளில், 17 ஆம் தேதி, அரசு பின்வாங்கிற்று. கேட்டவனுக்குத்தான் கிடைத்தது.

இனி அந்த ஐந்து கட்டங்களுக்கு வருவோம். ஒன்றை மற்றொன்று அறியாது. எங்கெல்லாம் மனுச் செய்தான் என்று எந்தப் பல்கலைக்கழகமும், அவன் பதில் சொல்லும் வரை, பார்க்க முடியாது. எனவே உயர்ந்ததைக் கேட்டதற்காகத் தாழ்ந்தது கோபித்துக் கொள்ளாது. மூன்று ஏ கணிப்பு உள்ளவன் அதற்கு மேல் கேட்கும் இடம் ஒன்றிரண்டு, அதே அளவில் இரண்டு, கீழே ஒன்று என்று போடட்டும். ஒப்புதல்கள் வந்த பிறகு முதலிடமாக ஒன்றையும், காப்பிடமாக மற்றொன்றையும் வைத்துக் கொள்ளலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டுமே மூன்று ஏ கேட்டால் அது என்ன காப்பு? ஓட்டைப் படகுக்குத் துணையாக இன்னோர் ஓட்டைப் படகு! கணிப்பு சறுக்கினாலும் ஏற்கக் கூடியதாக, சேர்ந்து படிக்க மனம் ஒப்பக் கூடியதாகக் காப்பிடம் இருக்க வேண்டும். அச்சிட்ட நுழைவுத் தரத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். பின்தங்கிய பகுதி, வருமானம் குறைந்த குடும்பம் என்றால் தரத்தைச் சற்றுக் குறைத்து இடம் தரும் பல்கலைக்கழகங்கள் பல. இதைப் பாட்டாளி வீட்டுக்குச் சொல்லுவார்தான் இல்லை.

மயக்கும் கடிதங்களும் வந்தன. உயர்ந்த கணிப்பு உள்ளவனைப் பார்த்து, 'எங்களையே முதலிடமாக ஏற்றுக்கொள், தேர்வில் என்ன வாங்கினாலும் இடம் உனக்கு' என்று சில பல்கலைக்கழகங்கள் வலை வீசின. அதை ஏற்றவர்களிலே பலர் படிப்பைத் தளரவிட்டுக் கணித்த தரத்தையும் இழந்தார்கள். 2020 இல் ஒழுங்காற்று அமைப்பு தலையிட்டு அந்த வகைக் கடிதங்களுக்குத் தடை போட்டது.

செலவு? அதுதான் பெரும் பயம். 2025-26 இல் இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டு. மூன்று ஏ கேட்கும் இடமும் பெரும்பாலும் அதே தொகை. மூன்று பி கேட்கும் இடமும் அதே தொகை! கடனோ, 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு, ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் 9 விழுக்காடு, 40 ஆண்டுகள் வரை. இதுவும் எந்தக் கல்லூரியானாலும் ஒன்றே. வேறுபடுவது வாடகை. ஏழை மாணவருக்குக் கிடைத்து வந்த வாழ்க்கைச் செலவு மானியத்தை 2016 இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்திவிட்டுக் கடனாகத் தந்தார்கள் ஆளவந்தவர்கள். வீட்டுக்குப் பக்கம் என்று தந்தை சொல்வதை இதனால்தான் நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தருகிற உதவித்தொகையைக் கேட்டுப் பார்த்து, கணக்குப் போட்ட பிறகு அந்த முடிவுக்கு வரட்டும்.

எதிர்பாராமல் உயர்ந்த மதிப்பெண் வந்தால், கிடைத்த இடத்தைக் கைவிடாமலே சில நாள் மேலே தேடிப் பார்க்க ஒரு தனி வழி முன்பு இருந்தது. 2022 இலிருந்து அதுவும் இல்லை. இப்போது, ஒப்புக்கொண்ட இடத்தை முதலில் விட்டுவிட்டுத்தான் காலியிடப் பட்டியலில் இறங்க வேண்டும். காலூன்றிய படியை விட்டுவிட்டு மேல்படிக்குத் தாவு என்கிறார்கள். தாவுகிற துணிச்சல் யாருக்கு வரும்? விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க வீட்டிலே வசதி உள்ளவனுக்கு.

முடிவு வெளியான பிறகே விண்ணப்பம் அல்லது இட ஒப்புதல் என்று முறையை மாற்றுவது பற்றி 2021 சனவரியில் அரசே கருத்துக் கேட்டது. 2022 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டது. கல்வி அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சியும் மாறிற்று. கைவிட்ட அந்தக் கோப்பை எடுத்து மீண்டும் மேசைமேல் வைக்க வேண்டும் என்று கேட்கும் கடமை அந்நாட்டுத் தொழிற்சங்கங்களுக்கு உண்டு.