ஓடுகிற கணினியைக் குப்பைக்கு அனுப்பும் தேதி

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் ஆங்காங்கே எடைமேடைகள் உண்டு. காய்கறி லாரி மேடையில் ஏறி நின்றதும், கண்ணாடி அறைக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். அந்தப் பெட்டியிலிருந்து வரும் ஒன்பது ஊசி ஒயர், மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் கணினியின் முதுகில் செருகியிருக்கும். ஆபரேட்டர் வண்டி எண்ணைத் தட்டுவார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே கார்பன் தாளில் ரசீது அடித்துத் தள்ளும். இந்த வேலைக்குப் பதினைந்து வருஷத்துப் பழைய சிஸ்டமே தாராளம். இப்போது கடைக்கு வரும் கணினிகள் பலவற்றில் அந்த ஒன்பது ஊசித் துளையே இல்லாததால், பழையதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் அதிகம்.

இப்படிப்பட்ட கணினிகள் எடைமேடையில் மட்டும் இல்லை. மண்டிக் கணக்கு, நூற்பாலை அலுவலகம், பத்திரம் டைப் செய்யும் கடை, பள்ளி ஆய்வகம், மருந்துக்கடை பில் என்று மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் கணிசமானவை விண்டோஸ் 10-இல் ஓடுகின்றன. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்குப்படி அந்த மாதத்தில்கூட உலகத்தின் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் விண்டோஸ் 10 வைத்திருந்தன. இத்தனை பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஆதரவு முடிந்துபோனது.

மறுநாள் காலை எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. அதனால்தான் பலருக்கு ஆபத்து உறைக்கவில்லை. ஆதரவு முடிந்தது என்றால், இனி அந்த இயங்குதளத்தில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தர ஆள் இல்லை என்று பொருள். 2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு மென்பொருள் எப்படி நுழைந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் பூட்டிக்கொண்டன. திருத்தம் கையில் இருந்தபோதே இந்தக் கதி. திருத்தமே வராத இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பவரின் நிலை இன்னும் மோசம்.

இரண்டாவது அடி மெதுவாக விழும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் மக்கள் அதை நிம்மதியாக ஓட்டினார்கள். 2023 தொடக்கத்தில் குரோம் உலாவி விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாக இணையதளங்கள் முரண்டு பிடிக்க ஆரம்பித்தன. கணினி பழுதாகவில்லை, உலகம் அதனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10-க்கும் இதுதான் வரப்போகிறது. எட்ஜ் உலாவிக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கிறது, அவ்வளவே.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் அநியாயம் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பாதியில். அந்த வருஷத் தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை ஐ7 கணினியைக் காசு கொட்டி வாங்கியவர், இன்று கடைக்குப் போனால் கேட்கும் பேச்சு ஒன்றுதான்.

"அண்ணே, இதுல லெவன் ஏறாதுண்ணே. புதுசா ஒண்ணு எடுத்துருங்க."

"நல்லாத்தானப்பா ஓடுது?"

"ஓடும்ணே. ஆனா அப்டேட் வராது."

சர்வீஸ் கடைத் தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தனிநபர்கள் தங்கள் கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைக் காசில்லாமலே பெறலாம். இல்லையென்றால் 30 டாலர். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால், அங்கே அந்தச் சேமிப்பு நிபந்தனையையும் தளர்த்திவிட்டார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு குரல் ஓங்கி ஒலிக்கவில்லை.

நிறுவனங்களுக்கு விலை வேறு. ஒரு கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பு, மூன்றாம் வருஷம் மறுபடி இரட்டிப்பு. மூன்று வருஷத்துக்கும் சேர்த்தால் 427 டாலர். அந்தப் பணத்துக்குப் புதுக் கணினியே வாங்கிவிடலாம். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதல் வருஷம் 1 டாலர், பிறகு 2, பிறகு 4 என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக் கணினியை மூன்று வருஷம் பாதுகாக்க ஏழே டாலர்! இந்தத் தகவல் மாவட்டத்தின் எத்தனை தலைமை ஆசிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை இது.

புதுக் கணினி வாங்குவதற்கும் இது நல்ல நேரம் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025-இன் கடைசியிலிருந்தே ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. வத்தலகுண்டிலோ நத்தத்திலோ ஒற்றைக் கணினியை வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துபவருக்கு அந்தக் கூடுதல் செலவு ஒரு மாத வருமானத்தையே விழுங்கிவிடும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. எடைமேடைக் கணினிக்கு இணையமே தேவையில்லை. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கண்ட பென் டிரைவையும் செருகாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். வீட்டில் பிள்ளைகள் படிக்கவும் விண்ணப்பம் போடவும் வைத்திருக்கும் கணினிக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதும். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றை ஏற்றினால், பத்து வருஷப் பழைய மடிக்கணினி கண்ணெதிரே வேகம் எடுக்கும். பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்து வரப் போகிற பழக்கம் அன்றோடு போய்விடும். லினக்ஸும் எல்லாப் பழசையும் என்றென்றைக்கும் சுமப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை விட்டுவிட்டது. ஆனால் விண்டோஸ் 11 வாசலில் நிறுத்தும் கணினிகள் பெரும்பாலும் 64 பிட். அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

சிக்கல், பிழைப்பு விண்டோஸோடு கட்டிப்போடப்பட்ட இடங்களில்தான். மண்டியில் டேலி கணக்கு மென்பொருள் இல்லாமல் ஒரு நாள் நகராது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆடிட்டர் அலுவலகத்து டிஜிட்டல் கையொப்ப டோக்கன் லினக்ஸில் வேலை செய்யுமா என்பதை ஒவ்வொன்றாகச் செருகித்தான் பார்க்க வேண்டும். இவர்களைப் பார்த்து "லினக்ஸ் போடுங்கள்" என்று உபதேசம் செய்வது பொறுப்பற்ற பேச்சு. அவர்கள் செலவு செய்து மாறத்தான் வேண்டும்.

அச்சுக் கோர்ப்புக் கடைகளின் பாடு தனி. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், மனு, கிரயப் பத்திரம் என்று தமிழில் தட்டிக் கொடுக்கும் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான ஏழு வந்தது 2001-இல். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் கோப்புகள் எல்லாம் கிடக்கின்றன. 2010-லேயே தமிழக அரசு யூனிகோட் எனும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கை பழகிய விசைப்பலகையை விட முடியவில்லை. அந்தக் கணினி போனால், இருபது வருஷத்து வேலை புதுக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புது அனுபவம் இல்லை. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடியப்போன சமயத்தில், எக்ஸ்பி ஓடும் அரசுக் கணினிகளில் பாஸ் லினக்ஸைப் போடும்படி துறைகளுக்கு மாநில அரசு சொன்னது. பாஸ் வேறெங்கிருந்தோ வந்தது இல்லை. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால்தானே பிள்ளைகள் தொடுவார்கள்?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் அதைத்தான் செய்தது. அங்கே பள்ளிகளில் லினக்ஸை ஏற்றியதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதை வைத்தே எழுதினார்கள், பத்தாம் வகுப்பு கணினிச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். மென்பொருள் ஒன்றுதான், முயற்சிதான் வேறு. சொல்லிக்கொடுப்பது என்ற இந்தப் பாதியைத் தமிழ்நாடு செய்யாமல் விட்டது பெரிய இழப்பு.

செய்வதற்குத் திண்டுக்கல்லில் ஆள் இல்லாமல் இல்லை. 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில், கிராமத்துக்குப் போய் வேலை செய்வது படிப்பின் பகுதி. பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் இருக்கின்றன. அந்த மாணவர்கள் சின்னாளபட்டியிலோ நிலக்கோட்டையிலோ சனிக்கிழமைகளில் முகாம் போட்டு, கொண்டுவரும் மடிக்கணினியைச் சோதித்து, எது லினக்ஸுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்லலாம். சர்வீஸ் கடைக்காரர்களையும் அழைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஊரில் கணினியின் தலையெழுத்தை முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தாலும் கூலி உண்டு என்று தெரிந்தால் "புதுசா எடுத்துருங்க" என்ற பேச்சு தானாகக் குறையும்.

இதையெல்லாம் செய்யாமல் விட்டால் அந்தக் கணினிகள் போய்ச் சேரும் இடம் பழைய இரும்புக்கடை. விண்டோஸ் 10 முடிவால் உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டது. 2022-இல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் கைக்கும், போர்டை அமிலத்தில் முக்கித் தங்கம் எடுப்பவர்கள் கைக்கும் போகிறது. ஈயமும் மற்ற நச்சும் மண்ணில் இறங்குகின்றன.

மண்ணில் நஞ்சு இறங்கினால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்லுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லவேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளைக் கெடுத்த கதையை இந்த வட்டாரத்து விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆலைகளுக்கு அபராதம் விதித்தபோது, அந்த உத்தரவின் வரம்புக்குள் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது. கெட்ட தண்ணீரை எந்தத் தீர்ப்பாலும் உடனே நல்லதாக்க முடியவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. ஆனால் பழைய மானிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொடுப்பது என்று விழிக்கிறவருக்கு, மாநகராட்சி ஒரு சேகரிப்பு இடத்தை ஊரறிய அறிவித்தால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதலைச் செய்கிறவர் விற்பவரிடம் எந்த நிபந்தனையும் போடலாம். பேட்டரிக்கும் திரைக்கும் எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று ஒப்பந்தப்புள்ளியில் கேட்பது வழக்கம்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருஷம் வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் செல்பேசிகளுக்கு, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதளத் திருத்தம் தரவேண்டும் என்பது சட்டம். 20 லட்சம் கணினி வாங்கும் ஒரு மாநிலம் அதே ஐந்து வருஷத்தைக் கணினிக்கும் கேட்டால், மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய நிறுவனம் ஒன்றும் இருக்காது.